காரில் வழி காட்ட லேப்டாப்பா, தனிக் கருவியா? முடிவெடுப்பதில் தொடங்கி முதல் பயணம் வரை

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது, ஒரு யுஎஸ்பி ஜிபிஎஸ் ரிசீவரை வாங்கிச் செருகினால் பெரிய திரையில் மேப் பார்த்துக்கொண்டே வால்பாறை, கொல்லிமலை என்று போய்வரலாமே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். போகலாம்தான். ஆனால் இப்படி ஆரம்பிப்பவர்களில் பெரும்பாலானோர் ரிசீவரை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம்தான் லேப்டாப்பை எங்கே வைப்பது, கரண்ட் எங்கிருந்து எடுப்பது, எந்த மென்பொருளில் ஓட்டுவது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் வாங்கும் பொருள் வீணாகாது. முதல் நான்கு படிகளுக்குப் பைசா செலவும் இல்லை.

தனிக் கருவி என்று நான் சொல்வது மூன்று வகை. கார்மின் போன்ற நிறுவனங்களின், கண்ணாடியில் ஒட்டும் நேவிகேட்டர் ஒன்று. காரின் ஸ்டீரியோ இடத்தில் வரும் ஆண்ட்ராய்டு திரை இன்னொன்று. மூன்றாவது, வழி காட்டுவதற்கு என்றே ஒதுக்கிவைத்த பழைய போன். கடைசியைக் கருவியாகவே பலர் மதிப்பதில்லை, ஆனால் நிறைய வீடுகளுக்கு அதுவே போதும்.

1. திரையைப் பார்க்கப் போவது யார்?

எல்லா முடிவும் இதில்தான் தொடங்குகிறது, ஆனால் யாரும் இதை முதலில் கேட்டுக்கொள்வதில்லை.

தனியாக ஓட்டுகிறீர்கள், திரையைப் பார்ப்பதும் நீங்கள்தான் என்றால் லேப்டாப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி கண்ணை எடுத்தால் கார் 33 மீட்டர் போய்விடுகிறது. சின்னத் திரையில் ஒரு அம்புக்குறியும் குரலும் இருந்தால் அரை நொடிப் பார்வை போதும். லேப்டாப் திரையில் வேண்டிய தகவலைத் தேடிப் பிடிக்கவே அதைவிட நேரமாகும், அதோடு அது ஸ்டீயரிங்குக்குப் பக்கவாட்டிலோ கீழேயோதான் இருக்கும்.

பக்கத்திலோ பின்னாலோ ஒருவர் உட்கார்ந்து மேப்பைப் பார்த்து வழி சொல்லப் போகிறார் என்றால் கதை வேறு. நில அளவை வேலை, கிராமம் கிராமமாகப் போய்த் தரவு சேகரிப்பது, கார் ரேலி, ஒரே நாளில் பல இடங்களுக்குச் சுற்றுவது, இதற்கெல்லாம் பெரிய திரையும் கீபோர்டும் உண்மையிலேயே உதவும். சுற்றியுள்ள இருபது கிலோமீட்டரை ஒரே பார்வையில் பார்த்து மாற்று வழி யோசிக்கலாம், போகிற இடங்களைப் பற்றிய குறிப்பை உடனுக்குடன் தட்டச்சு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. மலைப்பாதையில் திரையையே பார்த்துக்கொண்டு வந்தால் பலருக்குக் குமட்டும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. வழி சொல்லப் போகிறவர் அதைத் தாங்குவாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

2. போகும் பாதையில் டவர் இருக்குமா?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். போன் டவரும் ஜிபிஎஸ்ஸும் வேறு வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கின் சிக்னல் கிடைத்தால் ரிசீவர் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும், அதற்கு சிம் கார்டும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டேட்டா தேவைப்படுவது மேப் படத்தை இறக்கவும் போக்குவரத்து நெரிசலைத் தெரிந்துகொள்ளவும்தான். மேப் ஏற்கெனவே கருவிக்குள் இருந்தால் டவர் இல்லாத காட்டுப்பாதையிலும் வழி காட்டும்.

அதனால் நீங்கள் போகும் பாதைகளை ஒரு தாளில் எழுதுங்கள். சென்னை, கோவை, மதுரைக்குள்ளும் நான்குவழிச் சாலைகளிலும் மட்டும்தான் சுற்றுவீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது நெரிசல் தகவல். டேட்டா உள்ள போனை எந்த நேவிகேட்டரும் அங்கே மிஞ்ச முடியாது, புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். திம்பம், வால்பாறை, கொல்லிமலை மாதிரி பாதைகள் அடிக்கடி வருகின்றன என்றால் ஆஃப்லைன் மேப் கட்டாயம், தொடர்ந்து படியுங்கள்.

3. கரண்ட் கணக்கு

லேப்டாப் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் படுத்துக்கொள்கின்றன. உங்கள் லேப்டாப் அடாப்டரின் அடியில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். 65 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது சுமார் 5.4 ஆம்பியர். இன்வெர்ட்டர் வைத்து, அதில் பழைய அடாப்டரைச் செருகினால் இரண்டு இடத்திலும் கரண்ட் வீணாகி 7 ஆம்பியரைத் தாண்டிவிடும். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கிறது. அதே சாக்கெட்டில் இரட்டைப் பிளக் போட்டு டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் ஓட்டினால் ஃபியூஸ் போகும், லேப்டாப்பும் போனும் சேர்ந்து சார்ஜ் இல்லாமல் நிற்கும்.

உங்கள் லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் வகை என்றால் இன்வெர்ட்டர் வாங்காதீர்கள். பவர் டெலிவரி உள்ள 65 வாட் கார் சார்ஜரே நேராகக் கொடுத்துவிடும். இடையில் 230 வோல்ட்டுக்கு ஏற்றி இறக்கும் வேலை இல்லாததால் சூடும் குறைவு, ஃபேன் சத்தமும் கிடையாது.

இன்னொன்று, எஞ்சினை அணைத்துவிட்டு லேப்டாப்பை ஓடவிடாதீர்கள். சிறிய பெட்ரோல் கார்களின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவுதான். தொடர்ந்து 6 ஆம்பியர் இழுத்தால் மூன்று மணி நேரத்தில் பாதி காலி. பேட்டரி கொஞ்சம் பழசு என்றால் அதற்குள்ளாகவே செல்ஃப் எடுக்காமல் நிற்கும், அதுவும் மலை மேல் என்றால் தள்ளிவிடக்கூட ஆள் இருக்காது.

நேவிகேட்டரோ போனோ 5 வோல்ட்டில் ஒன்று, இரண்டு ஆம்பியரோடு நின்றுவிடும். கரண்ட் விஷயத்தில் போட்டியே இல்லை.

4. வாங்கும் முன்பே வைக்கும் இடத்தை அளந்துவிடுங்கள்

காரில் போய் உட்காருங்கள். லேப்டாப் அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கியர் போடும் கை எங்கே இடிக்கிறது, ஏசி வென்ட் மறைகிறதா, இடது பக்கக் கண்ணாடி தெரிகிறதா என்று பாருங்கள்.

ஏர்பேக் மூடிமேல் எதையும் வைக்கக் கூடாது. டேஷ்போர்டில் எஸ்ஆர்எஸ் என்ற எழுத்து அச்சிட்ட பகுதி அது. புதிதாக அறிமுகமாகும் கார் மாடல்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக்கும் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம், ஆகவே உங்கள் காரிலும் இடது பக்கம் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். விபத்தில் அது கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும், முன்னால் இருக்கும் இரண்டு கிலோ லேப்டாப்பை அப்படியே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கோ நெஞ்சுக்கோ தள்ளும். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வதும் இதே ஆபத்துதான். லேப்டாப் பார்த்து வழி சொல்பவரைப் பின் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முன்னால்தான் வைத்தாக வேண்டும் என்ற வேலை என்றால், சீட் ரெயில் போல்ட்டில் பிடிக்கும் உலோகத் தாங்கி வேண்டும், அதுவும் ஏர்பேக் விரியும் பாதைக்கு வெளியே.

அப்புறம் வெயில். லேப்டாப்புகளில் பெரும்பாலானவை 35 டிகிரி செல்சியஸ் சூழல் வரைதான் இயங்கலாம் என்று அதன் குறிப்பேட்டிலேயே இருக்கும். ஐபோனுக்கும் அதே 35 டிகிரிதான். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு அதைத் தாண்டி எங்கோ போய்விடும். காரில் வைப்பதற்கென்றே செய்த நேவிகேட்டர்கள் 55 டிகிரி வரை தாங்கும் வகையில் வருகின்றன. பழைய போனைப் பயன்படுத்துவதாக இருந்தால் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி வென்ட்டில் மாட்டுங்கள், சார்ஜ் ஏறும் சூட்டையும் வெயில் சூட்டையும் குளிர்காற்று கொஞ்சம் தணிக்கும். நேர் வெயிலில் சார்ஜில் போட்டுக் கிடக்கும் போன்தான் பேட்டரி உப்பிப் பின்மூடி கழன்று வருகிறது.

சட்டத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் பிடிக்கும் தொலைத்தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்கிறது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. 2020 அக்டோபர் முதல் அமலில் இருக்கும் விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்கிறது. ஆகவே தாங்கியில் மாட்டிய திரை சரி, கையிலோ தொடைமேலோ வைத்துப் பார்ப்பது தப்பு.

5. இப்போது தேர்வு

மேலே நான்கையும் முடித்தவர்களுக்குப் பதில் ஏறக்குறைய வந்திருக்கும். என் தீர்ப்பு இது. ஓட்டுபவரே பார்ப்பதென்றால் சின்னக் கருவி. பழைய போன் நல்ல நிலையில் இருந்தால் முதலில் அதையே முயன்று பாருங்கள். அது சூட்டில் அணைந்து அணைந்து வந்தால், அல்லது தினமும் நாள் முழுக்க ஓட்டுகிற தொழில் என்றால் நேவிகேட்டருக்குப் பணம் போடலாம். பின்னால் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால் லேப்டாப், அப்போதும் ஓட்டுநர் முன்னால் தனியாக ஒரு சின்னத் திரை இருக்கட்டும், ஏனென்றால் பின்னாலிருந்து இதோ, இந்த இடது பக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள் திருப்பம் தாண்டிவிடும்.

லேப்டாப் இல்லை என்று முடிவானவர்கள் 6-ஐ விட்டுவிட்டு 7-க்குப் போங்கள்.

6. லேப்டாப் வழி

முதலில் உங்கள் லேப்டாப்பில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்ற கேள்வி. வீட்டில் மேப்பைத் திறந்தால் சரியான தெருவைக் காட்டுகிறதே என்பார்கள். அது சுற்றியுள்ள வைஃபையை வைத்துக் கணக்கிட்ட இடம். ஊரைத் தாண்டி போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், நீங்கள் பொள்ளாச்சியில் இருக்கும்போது அது சென்னையைக் காட்டவும் கூடும். சாதாரண லேப்டாப்புகளில் ஜிபிஎஸ் சிப் கிடையாது, வெளியிலிருந்துதான் ரிசீவர் சேர்க்க வேண்டும்.

யு-பிளாக்ஸ் சிப் உள்ள யுஎஸ்பி ரிசீவராகப் பார்த்து வாங்குங்கள். நேரடியாக லேப்டாப்பில் செருகும் குட்டி வகையைவிட ஒன்றரை மீட்டர் ஒயரோடு, அடியில் காந்தம் வைத்து வரும் வகை நல்லது. பின் சீட்டில் லேப்டாப் இருக்கும்போது ரிசீவருக்கு வானம் தெரிய வேண்டும், கூரைக்கு அடியில் அது கிடைக்காது. பின் கண்ணாடிக்குக் கீழேயோ முன் டேஷ்போர்டிலோ வைத்துவிட ஒயர் இருந்தால்தான் முடியும்.

செருகியதும் விண்டோஸ் அதை எண்ணிட்ட ஒரு காம் போர்ட்டாக, அதாவது தரவு வந்துசேரும் வாயிலாக எடுத்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அந்த எண்ணையும், ரிசீவர் தரவு அனுப்பும் வேகத்தையும் (பாட் ரேட்) கேட்கும். யு-பிளாக்ஸ் வகைக்குப் பொதுவாக 9600, பழைய சிர்ஃப் வகைகளுக்கு 4800. வேகம் தப்பாக இருந்தால் சிக்னல் இருந்தும் மேப் அசையாது, பலர் ரிசீவர் பழுது என்று திருப்பி அனுப்புவது இதனால்தான்.

விசித்திரமான ஒரு தொல்லையும் உண்டு. ரிசீவரைச் செருகியபடியே விண்டோஸைத் தொடங்கினால், ரிசீவர் விடாமல் அனுப்பும் எழுத்துகளைப் பழைய சீரியல் மவுஸ் என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். கர்சர் தானாகத் தாவும், கண்டதைக் கிளிக் செய்யும். வைரஸ் என்று பயந்து ஃபார்மட் அடித்தவர்கள் இருக்கிறார்கள். ரிசீவரைப் பிடுங்குங்கள், விண்டோஸ் முழுதாக எழுந்த பிறகு செருகுங்கள். மறுபடி வந்தால் டிவைஸ் மேனேஜரில் மவுஸ் பிரிவில் சீரியல் பால்பாயின்ட் என்று ஒன்று முளைத்திருக்கும், அதை டிசேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் அடுத்த முறை திரும்பி வந்துவிடும்.

பவர் செட்டிங்கில் மூன்றை மாற்றுங்கள். மூடியை மூடினால் தூங்கக் கூடாது. குறிப்பிட்ட நேரத்தில் ஸ்லீப் ஆவது நிறுத்தப்பட வேண்டும். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் லேப்டாப் கரண்டை மிச்சப்படுத்துவதாக எண்ணி ரிசீவரை அடிக்கடி தூங்கவைக்கும். லேப்டாப்பில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி மாற்றாமல் காரில் ஏற்றாதீர்கள், நம் சாலைக் குழிகளை அது வெகுநாள் தாங்காது.

மென்பொருள்தான் லேப்டாப்பின் பெரிய பலவீனம். பிரவுசரில் திறக்கும் கூகுள் மேப்ஸ் வழியைக் காட்டுமே தவிர போனில் போல ஒவ்வொரு திருப்பத்துக்கும் குரல் கொடுக்காது. மைக்ரோசாஃப்டின் ஸ்ட்ரீட்ஸ் அண்டு ட்ரிப்ஸ் 2014-லேயே நின்றுவிட்டது, விண்டோஸோடு வந்த மேப்ஸ் செயலியையும் 2025-ல் விலக்கிவிட்டார்கள். லேப்டாப்புக்குள் ஆண்ட்ராய்டு போனைப் போலச் செயல்படும் எமுலேட்டரில் போன் செயலியை ஓட்டலாம் என்பவர்களுக்கு: காம் போர்ட்டில் இருக்கும் ரிசீவரின் இருப்பிடம் தானாக அதற்குள் போகாது. லினக்ஸ் தெரிந்தவர்கள் ஜிபிஎஸ்டி, நேவிட் இரண்டையும் இணைத்து முழு வழிகாட்டியாகவே ஓட்டலாம். விண்டோஸில் இருப்பவர்கள் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஆஃப்லைன் மேப் ஏற்றி, அதன் மேல் தங்கள் இடம் நகர்வதைப் பார்ப்பதோடு திருப்தி அடைவது நல்லது. கூகுள் எர்த் ப்ரோவும் ரிசீவரோடு பேசும், ஆனால் படத்தை முன்பே பார்த்துச் சேமித்திருந்தால்தான் டவர் இல்லாத இடத்தில் தெரியும்.

7. தனிக் கருவி வழி

நேவிகேட்டர் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தியா மேப் உள்ளே இருக்கிறதா? அமெரிக்காவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து கொடுத்த கருவியில் அந்த நாட்டு மேப்தான் இருக்கும், இங்கே வந்தால் வெறும் திரையில் ஓர் அம்புக்குறி நிற்கும். அதைத் தூக்கிப்போட வேண்டாம். மக்களே சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை வைத்துக் கார்மின் வடிவத்தில் தயாரித்த இலவச மேப்புகள் கிடைக்கின்றன. அந்தக் கோப்பை மெமரி கார்டில் கார்மின் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே வைத்தால் மெமரி கார்டு இடம் உள்ள பெரும்பாலான மாடல்கள் எடுத்துக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரச் சொல்பவர்கள் கவனிக்க: செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி உள்ள கருவியை முன் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். வெறும் ஜிபிஎஸ் ரிசீவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பழைய போன் என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டு மேப் செயலிகளை மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், வீட்டு மெயில் வேண்டாம். வழி சொல்லும் திரைமேல் அறிவிப்பு வந்து விழுந்தால் கண் தானாக அங்கே போகும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து ஆஃப்லைனில் ஓடும் ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்ட் செயலியைப் போட்டுத் தமிழ்நாடு மேப்பையும், கூடவே கேரளா, கர்நாடகாவையும் இறக்குங்கள். எல்லை தாண்டியதும் மேப் முடிந்துபோவது முதல் பயணத்தில் பலருக்கு நடக்கும். கூகுள் மேப்ஸிலும் ஒரு பகுதியை ஆஃப்லைனுக்கு இறக்கிவைக்கலாம், ஆனால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு, புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய டேப்லெட்டை மாட்ட நினைப்பவர்கள் முதலில் அதில் சிம் போடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது.

8. வீட்டிலேயே பாதையைப் போட்டு வைப்பது

லேப்டாப்பின் உண்மையான இடம் இங்கேதான், தனிக் கருவியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரிய திரையில் பாதையைப் பார்த்து, மவுஸால் இழுத்து, சாப்பிடும் இடம், பெட்ரோல் பங்க் எல்லாம் குறித்து, ஒரு கோப்பாகச் சேமித்துக் கருவிக்கு அனுப்புங்கள். கார்மின் கருவிக்கு பேஸ்கேம்ப் என்ற லேப்டாப் மென்பொருள் இருக்கிறது. போனுக்கு கூகுளின் மை மேப்ஸில் குறித்துக் கேஎம்எல் கோப்பாக எடுத்தால் ஆர்கானிக் மேப்ஸ் அதைத் திறந்துவிடும்.

பாதைகளைச் சேமிக்கும் இன்னொரு கோப்பு வகையான ஜிபிஎக்ஸாக அனுப்பும்போது ரூட், டிராக் இரண்டும் வேறு என்பதைக் கவனியுங்கள். ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும், அவற்றுக்கு நடுவில் எந்தச் சாலை என்பதைக் கருவி தன் விருப்பப்படி மறுபடி கணக்கிடும். டிராக் என்பது நீங்கள் வரைந்த கோடு அப்படியே. கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகப் பாதை போட்டு ரூட்டாக அனுப்பினால், கருவி குன்னூர் வழியே குறைவு என்று மாற்றிவிடலாம், நீங்கள் மேட்டுப்பாளையம் தாண்டிய பிறகுதான் கவனிப்பீர்கள். ரூட்தான் வேண்டும் என்றால் கோத்தகிரி ஊருக்குள் கட்டாயப் புள்ளி ஒன்று வையுங்கள். அந்தப் புள்ளி சாலையின் மேலேயே இருக்கட்டும். பக்கத்துச் சந்தில் விழுந்தால் கருவி உங்களைச் சந்துக்குள் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவரும்.

ஊர்ப் பெயரை நம்பித் தேடாதீர்கள். மேட்டுப்பாளையம் என்று கோவைப் பக்கம் ஒன்று, திருச்சி மாவட்டத்தில் ஒன்று, புதுச்சேரியில் ஒன்று. புதூர்களுக்குக் கணக்கே இல்லை. நேவிகேட்டர்களோ ஊர், தெரு, கதவு எண் என்று வரிசையாகக் கேட்கும், நம் கிராமங்களில் அது நடக்காது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் போட்டுவிடுவதே நிம்மதி.

எண்களைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. தமிழ்நாட்டுக்குள் எங்கே இருந்தாலும் முதல் எண் 8-க்கும் 13 சொச்சத்துக்கும் நடுவில், இரண்டாவது எண் 76-க்கும் 80 சொச்சத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். இடம் மாற்றிப் போட்டால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் கடலில் போய் நிற்கும், அதையாவது உடனே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியாத தவறு இன்னொன்று: 11 டிகிரி 24 நிமிடம் என்று ஒருவர் சொன்னதை 11.24 என்று போடுவது. 60 நிமிடம் ஒரு டிகிரி என்பதால் சரியான எண் 11.40. வித்தியாசம் 0.16 டிகிரி, தரையில் அது ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பார்ப்பதற்குச் சரியாகத் தெரியும், அதே மாவட்டத்துக்குள்தான் இருக்கும், போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆள் இல்லாத காடு என்று தெரியும்.

செட்டிங்கில் வண்டி வகை கார் என்று இருக்கிறதா, மண்சாலையைத் தவிர் என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். குறைந்த தூரம் என்பதை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் மிச்சம் என்பதற்காக வாய்க்கால் கரையில் கொண்டுபோய்விடும்.

9. வாசலில் சோதனை, பிறகு உள்ளூரில் ஒரு சுற்று

வெகுநாள் அணைந்திருந்த ரிசீவர் முதல் தடவை இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையையும் வானத்திலிருந்து இறக்கப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். டேட்டா உள்ள போன் இதை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் உடனே பிடிக்கிறது, சிம் இல்லாத பழைய போனும் லேப்டாப் ரிசீவரும் அப்படி இல்லை. புறப்படும் முன் திறந்த வெளியில் கால் மணி நேரம் நகராமல் வைத்திருங்கள். மரத்தடியோ அடுக்குமாடிப் பார்க்கிங்கோ உதவாது. ஓடும் காரில் முதல் தடவை பிடிக்கவைப்பது இன்னும் கஷ்டம்.

பிடித்துவிட்டால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, பழகிய பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றி வாருங்கள். இந்த ஒரு சோதனையில் மேப் உண்மையிலேயே உள்ளே இருக்கிறதா, குரல் ஆஃப்லைனில் வருகிறதா என்று இரண்டும் தெரிந்துவிடும். மேப் இருந்தும் குரல் வராமல் இருப்பது சாதாரணம். தமிழ்க் குரலுக்கான கோப்பு போனின் பேச்சு செட்டிங்கில் தனியாக இறக்க வேண்டியது.

சிக்னல் அடிக்கடி விட்டுவிட்டு வந்தால் டேஷ்கேமைப் பிடுங்கிப் பாருங்கள். மலிவான சில டேஷ்கேம்களும் சார்ஜர்களும் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும். ரிசீவரை ஓர் அடி தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகும்.

10. கருவிக்குத் தெரியாதவை

எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் இவற்றை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையிலும் இரவுத் தடை இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை, அங்கே 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இறக்கம் அவ்வளவு செங்குத்து. கருவி இதையெல்லாம் பாராமல் இதுவே குறைந்த தூரம் என்று சொல்லக்கூடும். ஆஃப்லைன் மேப்பில் இருக்கும்போது இது இன்னும் அதிகம், ஏனென்றால் இறக்கிய நாளோடு அதன் அறிவு நின்றுவிடுகிறது.

இறக்கத்தில் கருவி காட்டும் பாதை சந்தேகமாக இருந்தால் நிறுத்த இடம் கிடைக்கும் வரை பேசாமல் நேராகவே போங்கள். தப்பான பாதையில் போனால் கருவி மறுபடி கணக்கிட்டுக்கொள்ளும், வளைவில் பிரேக் அடித்து யோசிப்பதுதான் ஆபத்து. டீக்கடை இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். மழையில் பாலம் போய்விட்டதா, மண் சரிந்திருக்கிறதா என்பதை அவர்கள் அளவுக்கு யாரும் சொல்ல முடியாது.

11. திரும்பி வந்ததும்

கருவியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போங்கள், தாங்கியையும் சேர்த்து. கண்ணாடியில் ஒட்டிய தாங்கியும் அதன் வட்டத் தடமும் இருந்தால் உள்ளே விலையுள்ள பொருள் இருக்கிறது என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியும். பதிவான டிராக்கை லேப்டாப்பில் ஏற்றிப் பெயர் போட்டுச் சேமியுங்கள், அடுத்த முறை அதே பாதைக்கு நீங்களே ஓட்டிச் சரிபார்த்த கோடு கையில் இருக்கும். மேப்பில் இல்லாத சாலை, தப்பான ஊர்ப் பெயர் எதையாவது பார்த்திருந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கித் திருத்திவிடுங்கள். ஆர்கானிக் மேப்ஸ் செயலிக்குள்ளிருந்தே கடை, பங்க் போன்றவற்றைச் சேர்க்கலாம், புதுச் சாலை வரைய மட்டும் லேப்டாப்பில் உட்கார வேண்டும். மறுபடி மேப் புதுப்பித்து வரும்போது அந்தத் திருத்தம் எல்லோருடைய கருவிக்கும் போய்ச் சேரும்.